கன்சோல் ஸ்டோரில் விலை போடுவது யார்? – வாசகர் கேள்வி பதில்

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் போன்ற கன்சோலில் டவுன்லோடு செய்து வாங்கும் கேம்களின் விலை, விளம்பரம், விற்பனை பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. பாதி, வாங்கி விளையாடுகிறவர்கள் அனுப்பியவை. மீதி, சொந்தமாகக் கேம் செய்து விற்க நினைப்பவர்கள் அனுப்பியவை. ஒரு தரப்புக்கான பதில் இன்னொரு தரப்புக்கும் உதவும் என்பதால் கலந்தே தருகிறோம்.

கே: டிஸ்க் இல்லை, பெட்டி இல்லை, லாரி வாடகை இல்லை. ஆனாலும் டவுன்லோடு கேம் டிஸ்க் விலைக்கே விற்கிறது. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் டிஸ்க்தான் மலிவாகவும் இருக்கிறது. இது என்ன கணக்கு?

ப: டிஸ்க்கை அச்சிட்டுப் பெட்டியில் போடும் செலவு, கேம் விலையில் சிறு பங்குதான். பெரிய பங்கு கடைக்காரரின் லாபமாகப் போய்க்கொண்டிருந்தது. டவுன்லோடு வந்ததும் அந்தப் பங்கு மிச்சமாகிவிடவில்லை, வாங்கிக்கொள்ளும் ஆள் மாறினார். இப்போது கன்சோல் நிறுவனத்தின் ஸ்டோர் அதை எடுத்துக்கொள்கிறது. வழக்கமான விகிதம் 30 சதவீதம்.

நாலு மாதத்தில் டிஸ்க் மலிவாவதற்குக் காரணம் போட்டி. ஒரே டிஸ்க்கைப் பல கடைகள் விற்கின்றன. தேங்கிய சரக்கைத் தள்ளியாக வேண்டும், அலமாரியில் அடுத்த கேமுக்கு இடம் வேண்டும், பக்கத்திலேயே யாரோ விளையாடி முடித்த பழைய டிஸ்க்கும் விற்பனைக்கு இருக்கும். டவுன்லோடில் தேங்குவதற்குச் சரக்கே கிடையாது. கன்சோலுக்குள் இருப்பதும் ஒரே கடை. முன்பு முழு கேம்களுக்கான டவுன்லோடு கோடுகளை, அதாவது ஸ்டோரில் தட்டினால் கேம் கிடைக்கும் ரகசிய எண்களை, வெளிக்கடைகளும் விற்றன, அதனால் கொஞ்சமாவது விலைப் போட்டி இருந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் பிளேஸ்டேஷனை விற்கும் சோனி தன் பக்கம் அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு வெளிக்கடையில் கிடைப்பது பணம் ஏற்றிக்கொள்ளும் கார்டு. கேமின் விலை ஸ்டோரில் போட்டதுதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2025-ல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் வந்தபோது 'மரியோ கார்ட் வேர்ல்ட்' பிரிட்டனில் டவுன்லோடுக்கு 66.99 பவுண்டு, பெட்டிக்கு 74.99 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் இரண்டுக்கும் 79.99 டாலர். நின்டெண்டோ விற்பது டிஸ்க் அல்ல, மெமரி சிப் உள்ள கேட்ரிட்ஜ். அதன் கொள்ளளவு கூடக்கூடத் தயாரிப்புச் செலவும் கூடும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 'கேம் கீ கார்டு' வந்தது: கார்டுக்குள் கேம் இருக்காது, டவுன்லோடு செய்ய அனுமதிக்கும் சாவி மட்டும் இருக்கும். பெட்டியின் முன்பக்கம் அதற்கான அறிவிப்பு அச்சிட்டிருப்பார்கள். கவனிக்காமல் வாங்கினால் பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு டவுன்லோடுக்கும் காத்திருக்க வேண்டும்.

கே: 20 டாலர் கேம் ஒன்று விற்றால் செய்தவர் கைக்கு எவ்வளவு வரும்?

ப: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். படிப்படியாகக் கழித்துப் பார்ப்போம்.

விற்பனை வரியையும் சேர்த்து விலை போடும் நாடு, வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கொடுத்த 20-ல் வரி போக 16.67. அதில் ஸ்டோரின் 30 சதவீதம் 5.00. மீதி 11.67. பணம் போட்டுக் கேமை வெளியிடும் பப்ளிஷர் ஒருவர் இருந்து, ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் உங்களுக்கு 5.83. அதுவும் பப்ளிஷர் கொடுத்த முன்பணம் வசூலான பிறகுதான். அமெரிக்காவில் வரி விலைக்கு மேல் தனியாகச் சேரும், அதனால் அங்கே 20-ல் ஸ்டோர் பங்கு போக 14 நிற்கும். ஆனால் வெளிநாட்டவருக்கு அமெரிக்க வருமானத்தில் 30 சதவீதம் வரை வரி பிடிப்பார்கள். உங்கள் நாட்டுக்கும் அவர்களுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால், ஸ்டோரில் பதியும்போதே அதற்கான படிவத்தை நிரப்பிப் பிடித்தத்தைக் குறைக்கலாம். இதை மறந்துவிட்டு முதல் பணம் வந்தபின் முழிப்பவர்கள் நிறையப் பேர்.

கேம் செய்ய உதவும் மென்பொருளான அன்ரியல் இன்ஜினில் செய்த கேம் என்றால், மொத்த விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டும்வரை இன்ஜினுக்கு ராயல்டி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகையில் வழக்கமாக 5 சதவீதம்.

இதுவரை போட்டது முழு விலைக் கணக்கு. அரை விலைத் தள்ளுபடியில் விற்றால் 10 டாலரில் வரி போக 8.33, ஸ்டோர் போக 5.83, பப்ளிஷர் போக 2.92. கேம் செய்ய 60,000 டாலர் செலவு என்றால், பப்ளிஷர் இல்லாமலே முழு விலையில் 5,143 பிரதி விற்க வேண்டும். அரை விலையில் என்றால் 10,286. ஒரு கேமின் பிரதிகள் பெரும்பாலும் தள்ளுபடிக் காலங்களில்தான் போகும். எனவே திட்டம் போடும்போது அட்டை விலையை வைத்து வரவைக் கணக்கிட வேண்டாம். சராசரி விற்பனை விலை அட்டை விலையில் 50 முதல் 60 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கிலும் செலவு திரும்ப வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

கே: நாங்கள் இரண்டு பேர். ஆறு மணி நேரத்தில் முடிகிற புதிர் கேம் ஒன்று தயாராகிறது. 5 டாலரா, 15 டாலரா? மலிவாகப் போட்டால் நிறைய விற்காதா?

ப: மலிவாகப் போட்டால் நிறைய விற்கும் என்பது, கேமை எல்லோரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. புதிய குழுவுக்கு அந்த அனுமானமே பொய். உங்கள் சிக்கல் விலை அல்ல, கேம் யார் கண்ணிலும் படாததுதான். ஸ்டோரில் கண்ணில் படுவதற்கான வழிகளில் ஒன்று தள்ளுபடி. தள்ளுபடி செய்ய வேண்டுமானால் இறங்குவதற்கு விலையில் இடம் வேண்டும்.

5 டாலரில் தொடங்கி அரை விலை என்றால் 2.49. ஸ்டோரின் தள்ளுபடிப் பட்டியலில் அது குப்பைக்கு நடுவே போய் உட்காரும். வாங்குகிறவரும் "இவ்வளவு மலிவா, ஏதோ கோளாறு" என்றுதான் நினைப்பார். 15-ல் தொடங்கினால் வெளியீட்டின்போது 10 சதவீதம், இரண்டு மூன்று மாதத்தில் 20 அல்லது 25, அரை ஆண்டில் 33, ஓராண்டில் 50 என்று நான்கு முறை செய்தியாக்க இடமிருக்கிறது. ஒவ்வொரு முறை விலை இறங்கும்போதும் விஷ்லிஸ்ட்டில், அதாவது பிறகு வாங்கக் குறித்துவைக்கும் பட்டியலில், வைத்திருப்பவருக்கு ஸ்டோரே அறிவிப்பு அனுப்பும். காசில்லாமல் கிடைக்கும் விளம்பரம் அது. ஆழமான தள்ளுபடியை முதலிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த முறை 25 சதவீதத்துக்கு யாரும் அசையமாட்டார்கள். விலை வரலாற்றைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன, ஒரு முறை இறங்கியது நிரந்தரமாகப் பதிவாகிவிடும்.

எண்ணை முடிவு செய்ய இப்படிச் செய்யுங்கள். அதே வகை, ஏறக்குறைய அதே நீளம், அதே அளவு குழு, கடந்த இரண்டு ஆண்டுக்குள் வந்தது என்று பத்துக் கேம் எடுங்கள். இன்றைய விலையை விட்டுவிட்டு வெளியீட்டு நாள் விலையைக் குறியுங்கள். முதல் தள்ளுபடி எத்தனை வாரத்தில் வந்தது, எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் பெற்ற குழுக்களின் கேம்களைச் சேர்க்காதீர்கள், அவர்கள் போடும் விலை பெயருக்கும் சேர்த்துத்தான். பத்தில் நடுவில் வருகிற விலையை எடுத்து, பார்வைக்கு உங்கள் கேம் அவற்றோடு நிற்குமா என்று யோசியுங்கள். நேர்மையாகச் சொன்னால், வாங்குபவர் மணி நேரத்தை எண்ணுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் பார்க்கிறார்.

இந்த வாக்குவாதம் பழையது. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் டாலருக்குப் பதில் மைக்ரோசாஃப்ட் பாயின்ட்ஸ் இருந்தது. 80 பாயின்ட் ஒரு டாலர். டவுன்லோடு கேம் என்றால் 400 அல்லது 800 என்று மக்கள் பழகியிருந்தார்கள். 2008 ஆகஸ்டில் 'பிரெய்ட்' 1200 பாயின்ட்டுக்கு, அதாவது 15 டாலருக்கு, வந்தபோது சிறிய கேமுக்கு இவ்வளவா என்று பெரிய சத்தம் எழுந்தது. கேம் நன்றாகவே விற்றது. அதன்பிறகு 1200 என்பது வழக்கமான விலையாகிவிட்டது. 80-க்கு ஒன்று என்ற கணக்கு தலையில் ஓடாமல் செலவு செய்ய வைப்பதற்கு வசதியாக இருந்தது என்பது எங்கள் கருத்து. 2013-ல் அதைக் கைவிட்டு நேரடி நாணயத்துக்கு மாறினார்கள், நல்லதே.

மற்ற நாடுகளின் விலையைத் தானியங்கி மாற்று விகிதத்தில் விட்டுவிட வேண்டாம். ஸ்டோர்கள் நாட்டுக்கு நாடு பரிந்துரை விலைப்படிகள் தருகின்றன. அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். நாணய மதிப்பு சரிந்த நாட்டில் பழைய விலை அப்படியே நின்றால், வெளியூர்க்காரர்கள் அந்த நாட்டுக் கணக்கு திறந்து வாங்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலை எடுத்துப் பார்ப்பது போதும்.

கே: நின்டெண்டோ ஸ்டோரில் சில கேம்கள் எப்போது பார்த்தாலும் 80, 90 சதவீதத் தள்ளுபடியில் இருக்கின்றன. அந்த முழு விலைக்கு யாராவது வாங்கியிருக்கிறார்களா?

ப: வாங்கவேண்டும் என்று அந்தக் கேம்களை விற்பவர்களும் எதிர்பார்க்கவில்லை. ஸ்விட்ச் ஸ்டோரின் 'அதிகம் விற்பவை' பட்டியல் நெடுங்காலம் 14 நாள் டவுன்லோடு எண்ணிக்கையை வைத்து ஓடியது. எவ்வளவு பணம் வந்தது என்பதைப் பார்க்கவில்லை. 60 டாலர் கேம் ஒன்று விற்றாலும் ஒன்றுதான், 20 சென்ட் கேம் ஒன்று விற்றாலும் ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்டவர்கள் விலையைத் தரையில் இறக்கினார்கள். சில்லறைக்கு ஆயிரக்கணக்கில் டவுன்லோடு ஆகும், பட்டியலில் மேலே வரும். தள்ளுபடி முடிந்ததும் கேம் முழு விலைக்குத் திரும்பும், ஆனால் 14 நாள் கணக்கு இன்னும் தீராததால் சில நாள் பட்டியலிலேயே நிற்கும். லாபம் அந்தச் சில நாளில்.

இதற்கு எண்ணெய் ஊற்றியது கோல்டு பாயின்ட். டவுன்லோடு வாங்கினால் விலையில் 5 சதவீதம் பாயின்ட்டாகத் திரும்ப வரும், ஒரு பாயின்ட் ஒரு சென்ட். கையில் 30, 40 பாயின்ட் காலாவதியாகக் காத்திருக்கும், அதை வைத்து எதையாவது வாங்கிப் போடலாம். வாங்கியவர்களில் பலர் அந்தக் கேமைத் திறந்தே இருக்கமாட்டார்கள். 2025 மார்ச்சில் நின்டெண்டோ கோல்டு பாயின்ட் தருவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஸ்விட்ச் 2 வரும் சமயத்தில் பட்டியலை விற்பனைத் தொகை அடிப்படைக்கு மாற்றியது. தந்திரம் முழுக்கச் செத்துவிடவில்லை, பலன் குறைந்திருக்கிறது.

வாங்குகிறவருக்கு: தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காதீர்கள், விலை வரலாற்றில் கீழ்க்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாதம் ஒரு முறை 90 சதவீதம் இறங்குகிற கேமின் உண்மையான விலை அந்த 10 சதவீதம்தான்.

கே: கேம் தயார். நாளைக்கே ஸ்டோரில் ஏற்ற முடியுமா?

ப: முடியாது. மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேம் என்றால் நாலு.

வரிசை இது: டெவலப்பராகப் பதிவு, ஒப்பந்தம், டெவ் கிட் (கேமைச் சோதிக்கக் கன்சோல் நிறுவனம் தரும் தனிக் கருவி), வயதுச் சான்று, ஸ்டோர் பக்கம், பில்டை (கேமின் தயார் பதிப்பை) அனுப்புதல், பரிசோதனை, தேதி. டெவ் கிட்டுக்கே பல வாரம் ஆகலாம் என்பதால் அதை முதலில் கேளுங்கள். வயதுச் சான்று முன்பு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி, சில இடங்களில் கட்டணமும் உண்டு. டவுன்லோடு கேம்களுக்காக 2013-ல் ஐ.ஏ.ஆர்.சி. என்ற கூட்டமைப்பு வந்தது. ஒரே கேள்விப்பட்டியலை நிரப்பினால் அமெரிக்கா, ஐரோப்பா, ஜெர்மனி, பிரேசில், ஆஸ்திரேலியா என்று பல அமைப்புகளின் சான்றும் இலவசமாக வரும். கேள்விகளுக்கு உள்ளது உள்ளபடி பதில் கொடுங்கள். ரத்தம், சூது, மற்றவரோடு பேசும் வசதி ஆகிய மூன்றிலும்தான் பலர் தடுமாறுகிறார்கள். பின்னால் தவறு தெரிந்தால் சான்று மாறும், கேம் ஸ்டோரிலிருந்து தற்காலிகமாக இறங்கவும் கூடும்.

பரிசோதனைக்கு சோனியில் டி.ஆர்.சி., மைக்ரோசாஃப்டில் எக்ஸ்.ஆர்., நின்டெண்டோவில் லாட்செக் என்று பெயர். கேம் சுவாரசியமா என்று யாரும் பார்ப்பதில்லை. கன்சோலோடு ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதல் முறையிலேயே தேறுவது அரிது, எனவே இரண்டாவது சுற்றுக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள். அடிக்கடி விழும் இடங்கள் இவை:

விளையாடும்போது கன்ட்ரோலரின் பேட்டரி போனால் கேம் தானாக நின்று அறிவிப்புக் காட்ட வேண்டும். பி.சி.யில் செய்து பழகியவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கன்சோலைத் தூங்க வைத்து எழுப்பினால் ஆன்லைன் இணைப்பு அறுந்திருக்கும், கேம் அது இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டு உறைந்துபோகும். சேமிப்பிடம் நிறைந்திருக்கும்போது சேவ் செய்தால் என்ன ஆகும் என்று சோதித்தே இருக்கமாட்டார்கள். நடுவில் வேறொருவர் கணக்கில் நுழைந்தால் பழையவரின் சேவ் மேல் எழுதிவிடும் கேம்களும் உண்டு, இது கடுமையான குற்றம். பிறகு பட்டன் பெயர்கள். ஒவ்வொரு கன்சோலுக்கும் தன் கன்ட்ரோலரையும் பட்டனையும் எப்படி எழுதவேண்டும் என்று சொற்பட்டியல் இருக்கிறது. மொழிபெயர்ப்பு செய்தவர் ஒரு மொழியில் மட்டும் மாற்றி எழுதிவிட்டால் அதற்காகவே பில்ட் திரும்பி வரும்.

பிழை திருத்த வெளியீட்டு நாளில் தரும் பேட்ச்சும் இதே பரிசோதனை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் பேட்ச்சுக்கே கட்டணம் வாங்கினார்கள். 2012-ல் எக்ஸ்பாக்ஸில் வந்த 'ஃபெஸ்' கேமின் பேட்ச் ஒன்று சிலர் சேமித்துவைத்த ஆட்டத்தைக் கெடுத்தது தெரிந்தும், மறுபடி அனுப்ப ஆகும் பெரும் தொகையைக் காரணம் காட்டி அதே பேட்ச்சை வைத்தே விட்டுவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை 2013-ல் எடுத்துவிட்டது.

கே: ஸ்டோர் பக்கத்துக்குப் படம், டிரெய்லர் எப்படி இருக்க வேண்டும்?

ப: கன்சோல் ஸ்டோரை மனிதர்கள் சோபாவில் சாய்ந்து, மூன்று மீட்டர் தள்ளி, கன்ட்ரோலரால் நகர்த்திக்கொண்டே பார்க்கிறார்கள். உங்கள் சதுரப் படத்தைக் கைபேசியில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பெயர் படிக்க முடிகிறதா, ஒரு உருவமாவது தெரிகிறதா? இல்லை என்றால் திரும்ப வரையுங்கள். பெரும்பாலான சிறு குழுக்களின் படம் இந்தச் சோதனையில் தோற்கும், காரணம் நான்கு பாத்திரங்களையும் ஒரே படத்தில் திணிப்பது.

டிரெய்லர் ஒரு நிமிடத்துக்குள். முதல் ஐந்து நொடியில் விளையாட்டு தெரிய வேண்டும். குழுவின் லோகோ, இருட்டில் எழுத்து, "ஓர் உலகம் இருந்தது" என்ற குரல் எல்லாம் வேண்டாம். முதல் மூன்று ஸ்க்ரீன்ஷாட்டும் விளையாடும்போது எடுத்தவையாக இருக்கட்டும், மெனு படம் வேண்டாம். விளக்கத்தின் முதல் வரியில் கதையைச் சொல்லாமல், விளையாடுபவர் என்ன செய்வார் என்று சொல்லுங்கள்.

நிறையப் பேர் மாட்டும் ஒன்று: ஒரு கன்சோலின் ஸ்டோரில் ஏற்றும் படத்திலோ டிரெய்லரிலோ இன்னொரு கன்சோலின் பட்டன் சின்னம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கன்சோலுக்கு ஒரு டிரெய்லர் என்று தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். கடைசியில் வரும் லோகோ வரிசையையும் மறக்க வேண்டாம்.

கேமின் பெயரை வைக்கும் முன் அந்தந்த ஸ்டோரின் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். பொதுவான ஒற்றைச் சொல் என்றால் நீங்கள் முப்பதாவது இடத்தில் வருவீர்கள்.

கே: டெமோ கொடுத்தால் விற்பனை கூடுமா, குறையுமா?

ப: கேமைப் பொறுத்தது. எக்ஸ்பாக்ஸ் 360-ன் டவுன்லோடு கேம் பிரிவான எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேடில் எல்லாக் கேமுக்கும் டிரையல் கட்டாயமாக இருந்தது. முழு கேமையே டவுன்லோடு செய்வீர்கள், ஒரு பகுதிதான் திறந்திருக்கும், காசு கட்டினால் மீதி திறக்கும். ஆட்டத்தின் பிடி கையில் தெரிகிற கேம்களுக்கு அது பெரிய உதவி. இரண்டு மணி நேரக் கதை கேமுக்கு டெமோ கொடுத்தால் ஆர்வம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கொடுப்பதானால் 20 முதல் 30 நிமிடம். புதிதாக ஒரு திறமை கைக்கு வந்த உடனே நிறுத்துங்கள், பாஸ் சண்டையை முடித்துவிட்டு நிறுத்தினால் நிறைவாகி எழுந்து போய்விடுவார்கள். முடிவுத் திரையிலேயே ஸ்டோர் பக்கத்துக்குப் போகும் பட்டன் வேண்டும். சேவ் முழு கேமுக்குத் தொடர வேண்டும், தொடரும் என்பதை டெமோவின் முதல் திரையிலேயே எழுதவும் வேண்டும். டெமோவுக்கும் தனிப் பரிசோதனை உண்டு. நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: விமர்சகர்களுக்கு இலவசக் கோடு அனுப்பச் சொல்கிறார்கள். தினமும் பத்து மின்னஞ்சல் "கோடு கொடுங்கள்" என்று வருகிறது. யாருக்குக் கொடுப்பது?

ப: பத்தில் பாதிக்கு மேல் மோசடி. பிரபல சேனலின் பெயரில் ஓர் எழுத்து மாற்றிய முகவரியிலிருந்து எழுதுவார்கள். கொடுத்த கோடு அடுத்த நாள் கோடு விற்கும் தளத்தில் இருக்கும். வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாதீர்கள். சேனலின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்குப் புதிதாக எழுதிக் கேளுங்கள். "ஐந்து கோடு வேண்டும், நேயர்களுக்குப் பரிசளிக்க" என்றால் ஒன்று மட்டும் கொடுக்கலாம், அல்லது கொடுக்காமலே விடலாம்.

பிளேஸ்டேஷன், நின்டெண்டோ கோடுகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. அமெரிக்கக் கோடு ஐரோப்பியக் கணக்கில் ஏறாது. எனவே அனுப்பும் முன் அவருடைய கணக்கு எந்த வட்டாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போக வேண்டும். கூடவே எத்தனை மணிக்கு விமர்சனம் வெளியிடலாம் என்பதை நேர மண்டலத்தோடு எழுதுங்கள். எந்தக் கோடு யாருக்கு என்ற பட்டியல் இருந்தால் கசிந்தது எங்கே என்று தெரியும்.

கே: சந்தா சேவையில் கேமைக் கொடுத்தால் தனியாக யார் வாங்குவார்கள்?

ப: கன்சோலில் பழைய உதாரணம் 'ராக்கெட் லீக்'. 2015 ஜூலையில் வெளியான அன்றே சோனியின் சந்தா சேவையான பிளேஸ்டேஷன் பிளஸ்ஸில் இலவசம். 2020 ஆகஸ்டில் 'ஃபால் கைஸ்' அதே வழியில் வந்தது. இரண்டும் பலர் சேர்ந்து ஆடும் கேம்கள். அவற்றில் கூட்டமே சரக்கு, ஆள் இல்லாவிட்டால் கேமே இல்லை. ஒருவர் தனியாக ஆடி முடிக்கும் கதை கேமுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: தரும் தொகை தயாரிப்புச் செலவை மூடுகிறதா? மூடினால் வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற கன்சோல்களின் விற்பனை லாபம். மூடாவிட்டால், "நல்ல விளம்பரம்" என்ற சொல்லுக்காகக் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் நான்கை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை மாதம், பணம் எந்தெந்தத் தேதியில், அந்தக் காலத்தில் வேறு கன்சோலில் விற்கலாமா, டி.எல்.சி. (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) விற்பனை வருமானம் யாருக்கு.

கே: தவறாக வாங்கிவிட்டேன். பணம் திரும்ப வருமா?

ப: பிளேஸ்டேஷனில் 14 நாளுக்குள், டவுன்லோடைத் தொடங்காமல் இருந்தால். தானியங்கி டவுன்லோடு இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் தொடாமலே அந்த வாய்ப்புப் போய்விடும், முன்பதிவு செய்கிறவர்கள் முதலில் அதை அணைத்துவையுங்கள். எக்ஸ்பாக்ஸில் 14 நாளுக்குள், அதிக நேரம் ஆடாமல் இருந்தால். நின்டெண்டோவில் விற்றது விற்றதுதான். கேமே உடைந்து வந்தால் விதிவிலக்கு நடந்திருக்கிறது: 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077'-ஐ சோனி ஸ்டோரிலிருந்தே எடுத்து, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பியது. கேம் ஸ்டோருக்குத் திரும்பியது 2021 ஜூனில்.

கே: வெளியீட்டு நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது? அறிவித்த அன்றே வெளியிட்டு அதிர்ச்சி கொடுக்கலாமா?

ப: 2023 ஜனவரியில் 'ஹை-ஃபை ரஷ்' அப்படித்தான் வந்தது. அறிவித்தது மைக்ரோசாஃப்டின் சொந்த நிகழ்ச்சியில், முதல் நாளே அவர்களின் சந்தா சேவையான கேம் பாஸில். அந்த மேடை உங்களிடம் இல்லை. உங்களுக்கு விஷ்லிஸ்ட் சேர ஆறு மாதமாவது பக்கம் திறந்திருக்க வேண்டும்.

பெரிய தள்ளுபடி விழாக்கள் நடக்கும் வாரத்தையும், உங்கள் வகையிலேயே பெரிய பெயர் வருகிற வாரத்தையும் தவிருங்கள். 2025 ஆகஸ்டில் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' செப்டம்பர் 4 என்று இரண்டே வாரம் முன்பு தேதி சொன்னது, விலை 20 டாலர். பல சிறு குழுக்கள் தங்கள் தேதியைத் தள்ளிவைத்தன, சரியான முடிவு. வெளியான நேரத்தில் ஸ்டோர்களே திணறின. வெள்ளிக்கிழமையில் வெளியிடாதீர்கள்: அன்று மாலை சேவ் கெடுகிற பிழை தெரிந்தால், பரிசோதனைக் குழு திங்கட்கிழமைதான் உங்கள் பேட்ச்சைத் திறந்து பார்க்கும்.

கே: பழைய டவுன்லோடு கேம்கள் ஏன் அவ்வளவு சிறிய அளவில் இருந்தன?

ப: கட்டாயம்தான். எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேடில் ஆரம்ப உச்சவரம்பு 50 எம்.பி., ஏனென்றால் கேம் கன்சோலில் செருகும் 64 எம்.பி. மெமரி யூனிட்டில் அடங்க வேண்டும். பிறகு 150, 350 என்று ஏறி 2 ஜி.பி. வரை போனது. நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான டவுன்லோடு பிரிவான வீவேரில் 40 எம்.பி.; 'சூப்பர் மீட் பாய்' வீவேருக்கு வராமல் போனதற்கு அந்த 40-தான் காரணம்.

கே: ஸ்டோரையே மூடிவிட்டால் நான் வாங்கிய கேம் என்ன ஆகும்?

ப: நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமம். அதைச் சொல்லாமல் 'வாங்கு' என்று பட்டன் வைக்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது.

மூடுவதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் விற்பனை நிற்கும், வாங்கியதை மறுபடி டவுன்லோடு செய்வது சில காலம் தொடரும். வீ ஸ்டோர் 2019 ஜனவரி 30-ல் மூடியது. நின்டெண்டோவின் 3டி.எஸ்., வீ யூ கன்சோல்களின் ஸ்டோர் விற்பனை 2023 மார்ச் 27-ல் நின்றது, எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29-ல் மூடியது. இவற்றில் பின்னவற்றுக்கு மறு டவுன்லோடு விற்பனை நின்ற பிறகும் விட்டுவைக்கப்பட்டது. ஸ்டோர் திறந்திருக்கும்போதே தனி ஒரு கேம் மறைவதும் உண்டு. திரைப்படம், கார், பாடல் என்று வெளி உரிமம் உள்ள கேம்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடும். ஸ்காட் பில்க்ரிம் கேம் 2014 டிசம்பரில் இறங்கி 2021 ஜனவரியில்தான் திரும்பியது. அந்த வகைக் கேம்களில் திடீரென்று பெரிய தள்ளுபடி வந்தால், கடைசி விற்பனையாக இருக்கலாம்.

பழைய கன்சோல் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது: வாங்கிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கேமையும் அதன் பேட்ச்சோடும் டி.எல்.சி.யோடும் இப்போதே இறக்கிவைக்க வேண்டும். பேட்ச்சை மறப்பவர்கள்தான் அதிகம். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். உரிமம் அந்தக் கன்சோலோடு பிணைந்திருந்தால் திறக்கும். கணக்கோடு மட்டும் இருந்தால் இணையம் கேட்கும், அப்போது அந்தக் கன்சோலை உங்கள் முதன்மைக் கன்சோலாகப் பதிந்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.